முத்துப்பேட்டை உப்பங்கழியில் கயாக்: ஓதம் பார்ப்பதா, காற்று பார்ப்பதா?

நெய்தல்வாசி (சென்னை) — தொடக்கப் பதிவு

வணக்கம். நானும் தங்கையும் கோவளம், முட்டுக்காடு பக்கம் கயாக் ஓட்டிப் பழகியவர்கள். ஆளுக்கொரு சிட்-ஆன்-டாப் (மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்) இருக்கிறது. லைஃப் ஜாக்கெட் உண்டு, கவிழ்ந்தால் திரும்ப ஏறவும் தெரியும். பொங்கல் விடுமுறையில் பிச்சாவரம், முத்துப்பேட்டை, அப்புறம் தொண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் காரங்காடு, மூன்று இடத்திலும் துடுப்புப் போட ஆசை. தங்கை தாவரவியல் படிக்கிறாள். அலையாத்திக் காட்டோடு அதன் பின்னால் இருக்கும் உப்புச் சதுப்பையும் தண்ணீரில் இருந்தே பார்க்க வேண்டும் என்கிறாள்.

ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, அதன் அட்டவணையை வைத்து நேரம் வகுக்கத் தொடங்கினேன். ஒரு நண்பர், "அந்தப் பக்கம் ஓதமே கிடையாது, அட்டவணை வீண்வேலை" என்கிறார். இன்னொருவர், "ஓதம் தெரியாமல் போனால் சேற்றில் மாட்டிக்கொள்வாய்" என்கிறார். யார் சொல்வது சரி? ஜனவரி நல்ல மாதம்தானா?

துடுப்புக்காரர் (பயிற்றுநர், புதுச்சேரி)

முதலில் அனுமதி. பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் வனத்துறையின் கையில் இருக்கும் காடுகள். சரணாலய எல்லைக்குள் நுழைய 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். சொந்தக் கயாக்கைக் காரில் கட்டிக்கொண்டு போய்க் கண்ட இடத்தில் இறக்காதீர்கள். எந்தெந்த வாய்க்காலுக்குள் போகலாம் என்பதை அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிச்சாவரத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் துடுப்புப் படகுகள் ஓடுகின்றன. காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலாவில் கயாக்கே கிடைக்கும்.

காற்றுக்கு என் கணக்கு எளிது. 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வரை புதியவர்கள் சமாளிக்கலாம். அதைத் தாண்டினால் கரையிலேயே இருக்க வேண்டும். கயாக்கின் சாதாரண வேகமே மணிக்கு 5 கிலோமீட்டர்தான். 15 நாட் எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டுக்கொண்டே இருப்பீர்கள், பக்கத்துப் புதர் நகராது.

கோடியக்கரையான்

துடுப்புக்காரர் அண்ணன் வேகத்தைச் சொன்னார். வேகத்துக்கு முன்னால் திசையைப் பார்க்க வேண்டும். எங்கள் குடும்பம் தலைமுறையாக இந்தக் கடலில் வலை போடுகிறது. வெளியூரில் இருந்து வருபவர்கள் இங்கே கோட்டை விடுவது எப்போதும் திசையில்தான்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள் தம்பி. பிச்சாவரம் கிழக்கே பார்த்த கரை. கோடியக்கரையில் கரை மடங்கி மேற்கே திரும்புகிறது. அங்கிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வரை தெற்கே பார்த்த கரை. அதற்குக் கீழே தொண்டிப் பக்கம் மறுபடி கிழக்கே பார்த்தது. ஆக நீங்கள் சொன்ன மூன்று இடமும் ஒரே மாதத்தில், ஒரே காற்றில், ஒன்றுபோல நடந்துகொள்ளாது.

பொங்கல் நேரத்தில் அடிப்பது வாடை. வடகிழக்கில் இருந்து வரும். பிச்சாவரத்திலும் காரங்காட்டிலும் அது கடலில் இருந்து கரைக்கு அடிக்கும். அலை தெரியும், பயம் வரும், நீங்களே திரும்பிவிடுவீர்கள். முத்துப்பேட்டையில் அதே வாடை தரையில் இருந்து கடலுக்கு அடிக்கும். கரையோரம் தண்ணீர் அலையே இல்லாமல் படிந்து கிடக்கும், காடு காற்றை மறைத்துவிடும். "அடடா, எவ்வளவு அமைதி" என்று முகத்துவாரம் வரை போய்விடுவீர்கள். திரும்பும்போதுதான் காற்று முகத்தில் அறையும். பின்னால் இருப்பது பாக் விரிகுடா. எனக்கு அலை பயமில்லை, இந்த அமைதிதான் பயம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கதை தலைகீழ். தென்மேற்குக் காற்று. பிச்சாவரத்தில் காலையில் மேற்கில் இருந்து அடித்து உங்களைக் கடலை நோக்கித் தள்ளும். மதியம் கடற்காற்று எழுந்து கிழக்கில் இருந்து வரும். முத்துப்பேட்டையில் அதே பருவத்தில் காற்று கடலில் இருந்து உள்ளே அடிக்கும்.

அதனால் உங்கள் கேள்விக்குப் பதில்: முதலில் கரை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது. ஓதம் அதற்கு அப்புறம். ஆனால் ஓதம் இல்லை என்று சொன்ன நண்பர் இங்கே துடுப்புப் போட்டிருக்க மாட்டார்.

நெய்தல்வாசி

அண்ணே, கரையின் திசையை நான் யோசிக்கவே இல்லை. ஓதம் எவ்வளவு இருக்கும் அங்கே? அட்டவணையில் பார்த்தால் நாகப்பட்டினத்துக்கு அரை மீட்டர் சொச்சம்தான் காட்டுகிறது. அரை மீட்டருக்கா இவ்வளவு?

கோடியக்கரையான்

அரை மீட்டர் செங்குத்தான சுவரில் ஒன்றுமில்லை. இங்கே தரை சரிவே இல்லாமல் கிடக்கிறது. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் சரிவு என்று வையுங்கள். அரை மீட்டர் நீர் வற்றினால் அரைக் கிலோமீட்டர் அகலத்துக்குச் சேறு வெளியே வந்துவிடும். முத்துப்பேட்டை உப்பங்கழியை நாங்கள் காயல் என்போம், அது முழுக்கவே இடுப்பளவு, மார்பளவு நீர்தான்.

இன்னொன்று. அட்டவணை நிலவை மட்டும் பார்த்துப் போட்டது. வாடை ரெண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால் காயல் நீரைத் தெற்கே ஒதுக்கும். அட்டவணை "ஏற்றம்" என்று சொல்லும் நேரத்திலும் வழக்கமாக நீர் நிற்கும் திட்டு வெளியே தெரியும். அன்றைக்கு அட்டவணையைவிட ஜெட்டித் தூணில் இருக்கும் ஈரக்கோட்டைப் பார்ப்பது மேல். கோடு நீருக்கு மேலே எத்தனை விரல் தெரிகிறது, அது கூடுகிறதா குறைகிறதா என்று கால் மணி நேரம் நின்று பாருங்கள்.

ஜார்ஜியா_செல்வி (சவன்னா, அமெரிக்கா)

இந்த இழையைப் படிக்கையில் எனக்கு இங்கே பழகியதை எல்லாம் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. ஜார்ஜியாவின் கடற்கரை நீளம் சுமார் 160 கிலோமீட்டர்தான். ஆனால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருக்கும் உப்புச் சதுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இங்கே. ஓதம் 2 மீட்டருக்கு மேல், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி 3 மீட்டரை நெருங்கும். கரை உள்வாங்கி வளைந்த இடம் என்பதால் ஓத அலை இங்கே குவிந்து உயர்கிறது. அதனால் எங்களுக்கு ஓதம்தான் முதலாளி. இறங்கும் நீரோடு கிளம்பி, நீர் திரும்பியதும் ஏறும் நீரோடு வீடு திரும்புவோம். நேரம் தவறினால் எதிர்நீரில் துடுப்புப் போட்டு ஜெயிக்க முடியாது.

ஒரு கணக்கு அங்கேயும் உதவும். வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவில் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்த ஆறு மணியிலும் நீர் சீராக ஏறாது. முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. 60 சென்டிமீட்டர் ஓதம் என்றால் 5, 10, 15, 15, 10, 5. நடு இரண்டு மணி நேரத்தில்தான் பாதி நீர் ஓடுகிறது. முகத்துவாரத்துப் பக்கம் போவதானால் அந்த இரண்டு மணியைத் தவிருங்கள்.

ஒரு சந்தேகம். இங்கே ஸ்பார்டினா புல் ஆளுயரம் வளர்ந்து, வாய்க்காலின் இரு பக்கமும் நீரிலேயே நிற்கிறது. கயாக்கில் இருந்தபடியே சதுப்புக்குள் இருப்போம். அங்கே உப்புச் சதுப்பு எங்கே இருக்கிறது? படங்களில் எல்லாம் மரங்கள்தான் தெரிகின்றன.

அலையாத்தி (ஆய்வு மாணவி, சிதம்பரம்)

செல்வி அக்கா கேட்டதுதான் நெய்தல்வாசியின் தங்கைக்கும் முக்கியம்.

உங்கள் ஊரில் குளிர் வருவதால் நீரோரத்தில் மரம் நிற்க முடியாமல் புல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இங்கே நீரோரம் மரங்களுடையது. வாய்க்கால் விளிம்பில் சுரபுன்னை, அதன் முட்டுவேர்கள் வளைந்து நீருக்குள் இறங்கும். அடுத்து வெண்கண்டல், மூச்சுவேர்கள் சேற்றில் இருந்து குச்சி குச்சியாக மேலே நிற்கும். அதற்கும் பின்னால், பெருக்கு நாளில் மட்டும் கடல்நீர் எட்டிப்பார்க்கும் மேட்டில் உமரி என்ற உப்புநிலச் செடி படர்ந்த வெளி. அதுதான் நம் உப்புச் சதுப்பு. அதையும் தாண்டினால் உப்பு பூத்த வெற்றுத் தரை, அப்புறம் வேதாரண்யம் பக்கம் உப்பளம். 1930இல் ராஜாஜி திருச்சியில் இருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய நிலம் இந்தச் சதுப்பின் ஓரம்தான்.

அதனால் சாதாரண நாளில் கயாக்கில் போனால் உமரி வெளி கண்ணில் படாது, மரச்சுவர்தான் தெரியும். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்து ஓரிரு நாளில் வரும் ஏற்றத்தில், கிளை வாய்க்காலின் கடைசி வரை போனால் காடு மெலிந்து உமரி தெரியும் இடங்கள் உண்டு. நீர் திரும்பும் முன் நீங்களும் திரும்பிவிட வேண்டும். வாய்க்காலின் உள்ளே ஏற்றம் முகத்துவாரத்தைவிடத் தாமதமாக வரும், ஆனால் கடைக்கோடியில் வற்றம் வந்தால் சட்டென்று நீர் போய்விடும்.

தயவுசெய்து இறங்கி உமரி மேல் நடக்காதீர்கள். தங்கையிடமும் சொல்லுங்கள். ஈரத் தரையில் பதியும் காலடித் தடம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நண்டு வளைகள் நசுங்கும், வளை வழியாகத்தான் அந்தச் சேற்றுக்குக் காற்று போகிறது. படகில் இருந்தே பார்க்கலாம், படம் எடுக்கலாம், அது போதும்.

இன்னொரு செய்தி, உள்ளே போகும்போது புரியும். சில இடங்களில் வாய்க்கால் இயற்கையாக வளையாமல் நேர்கோட்டில் வெட்டியதுபோல் இருக்கும், அதில் இருந்து இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள் பிரியும், மீன் முள்ளைப் போல. அது மனிதர் வெட்டியது. பிரிட்டிஷ் காலத்தில் இருந்து இந்தக் காடுகளைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து விறகுக்கு எடுத்தார்கள். நிழல் போன தரை காய்ந்து உள்வாங்கி, கடல்நீர் தேங்கி, உப்பேறிப்போனது. விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து வாய்க்கால் வெட்டி, ஓதநீர் உள்ளே போய் வெளியே வர வழிசெய்தார்கள். நீர் ஓடியதும் காடு திரும்பியது. அரை மீட்டர் ஓதம் ஒன்றுமில்லை என்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த மரங்களைத்தான். அந்த அரை மீட்டர் போய்வருவதால்தான் இவை உயிரோடு நிற்கின்றன.

துடுப்புக்காரர்

அலையாத்தி நன்றாகச் சொன்னீர்கள். ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன்: தில்லை மரம். சிதம்பரத்தின் தலமரம் அதுதான். பால் கண்ணில் பட்டால் பார்வையை மறைக்கும், தோலில் பட்டால் கொப்புளம் வரும். குறுகிய வாய்க்காலில் நிற்க வேண்டுமென்றால் கிளையைப் பிடிக்காமல் துடுப்பைச் சேற்றில் ஊன்றி நில்லுங்கள். பழைய தூண்களிலும் வேர்களிலும் சிப்பி ஒட்டியிருக்கும், பிளேடு மாதிரி வெட்டும். செருப்பு போதாது, கால் முழுக்க மூடிய ஷூ வேண்டும்.

குறுகிய கிளைகளுக்குள் இரட்டைத் துடுப்பு இரு பக்கமும் இடிக்கும். கனூ (மேல் திறந்த படகு) வைத்திருப்பவர்களின் ஒற்றைத் துடுப்பு அங்கே சௌகரியம். ஆனால் திறந்த காயலில் கனூவின் உயரமான பக்கம் காற்றைப் பிடித்துக்கொள்ளும். ரெண்டும் கலந்த பயணத்துக்குக் கயாக்கே நல்லது, ஒரு ஒற்றைத் துடுப்பைக் கூடுதலாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

கோடியக்கரையான்

> துடுப்பைச் சேற்றில் ஊன்றி நில்லுங்கள்

அண்ணே, இதில் மட்டும் நான் வேறுபடுகிறேன். எங்கள் சேற்றில் துடுப்பு இறங்கினால் வெளியே வராது, அலகு முறியும். ஆள் உயரத்துக்கு ஒரு மூங்கில் கழி எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே தோணியே பாதித் தூரம் கழி ஊன்றித்தான் போகிறது. ஆழம் பார்க்கவும் அதுதான்.

தரை தட்டிவிட்டால் இறங்கித் தள்ளாதீர்கள். முழங்கால் வரை போகும், அடுத்த காலை எடுக்கும்போது தொடை வரை போகும். படகிலேயே உட்கார்ந்திருங்கள். தண்ணீரும் தொப்பியும் இருந்தால் சில மணி நேரத்தில் நீர் தானாக வந்து தூக்கும். ஏற்கெனவே இறங்கிவிட்டீர்கள் என்றால் நிற்க முயலாமல் படகின் மேல் மார்பைப் படிய வைத்து, உடம்பைப் பரப்பி, காலை மெல்ல உருவுங்கள்.

துடுப்புக்காரர்

கழி விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. மணல் தரையில் துடுப்பு தாங்கும், உங்கள் சேற்றில் தாங்காது.

பரவைக்கடல் (யாழ்ப்பாணம்)

அக்கரையில் இருந்து ஒரு வார்த்தை. காற்றைப் பற்றி அண்ணை சொன்னது எங்களுக்கும் அப்படியே பொருந்தும். சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, அடிக்கிற காலம் வேறு, வாடை அடிக்கிற காலம் வேறு, இரண்டுக்கும் நடுவில் பெப்ரவரி, மார்ச்சில் கடல் வடிவாக அடங்கும். நான் அந்த நேரத்தில்தான் மண்டைதீவுப் பக்கம் வள்ளம் இறக்குவேன்.

எங்கள் களப்பில், நீங்கள் காயல் என்கிறதில், இன்னொரு சங்கதி இருக்கு. தீவுகளுக்குப் போற தாம்போதிகள், நீருக்குக் குறுக்கே போட்ட ரோட்டு மேடுகள், நீரை மறிச்சு நிக்குது. பண்ணைப் பாலம் மாதிரி இடங்களில் வழி குறுகினதால் ஓதம் சின்னதாக இருந்தாலும் பாலத்துக்குக் கீழே இழுவை கடுமை. பாலத்துக்குக் கீழே போகுமுன் கரையில் நின்று, ஒரு தடியைப் போட்டு எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போகுது என்று பாருங்கோ. உங்கள் பக்கமும் ரோட்டுப் பாலம், மதகு இருந்தால் அதே கவனம் வேணும்.

வலையைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. களப்பு முழுக்கத் தடி நட்டுக் கட்டின சிறகுவலை. அந்தத் தடி வரிசைக்குள் நுழையாமல் சுற்றிப் போங்கோ. அது ஒரு குடும்பத்தின்ரை அண்டைக்குரிய சோறு.

கோடியக்கரையான்

தம்பி சொன்னதை நான் இரு கையால் வழிமொழிகிறேன். வலைக் குச்சியைப் பிடித்து ஓய்வெடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குச்சி சாய்ந்தால் அந்த இரவின் இறால் போச்சு. நண்டு வலை மிதப்புக் கட்டைக்கு மேலே ஏறிப் போகாதீர்கள், படகின் அடி மாட்டினால் வலையும் கிழியும்.

அலையாத்தி

பிச்சாவரத்தில் வலைகூட இல்லாமல் மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இருளர் குடும்பங்கள், பெண்களும் ஆண்களும், கழுத்தளவு நீரில் அமர்ந்தபடி நகர்ந்து கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பல்லில் கடித்த பறியில் (மீன் கூடையில்) போட்டுக்கொள்வார்கள். வளைவில் திரும்பும்போது நீருக்கு மேல் தலை மட்டும் தெரியும். வேகத்தைக் குறைத்து, தள்ளி, குரல் கொடுத்துப் போங்கள். அவர்களிடம் கேட்டால் எந்த வாய்க்கால் இன்றைக்கு ஆழம், எது அடைந்துவிட்டது என்று சரியாகச் சொல்வார்கள். 2004 சுனாமிக்குப் பின் சின்னவாய்க்கால் பக்கம் மணல்திட்டின் வடிவமே மாறியது, அதற்கப்புறமும் முகத்துவாரம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. செயற்கைக்கோள் படம் பழையதாகிவிடும், அவர்களுக்குத் தெரிந்தது பழையதாகாது.

புதிய உறுப்பினர்: கீழணை

சிதம்பரத்துக்காரன். ஒரு தகவல் மட்டும். பழைய கொள்ளிடத்தின் நன்னீர்ப் பகுதிகளில் முதலைகள் உண்டு, ஊர்க்காரர்களையே கடித்திருக்கின்றன. "ஆற்றில் இறங்கி அப்படியே மிதந்து பிச்சாவரம் போகலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

ஜார்ஜியா_செல்வி

பறவைகளைப் பற்றி? ஜனவரியில் வலசை வந்தவை இருக்குமே.

அலையாத்தி

ஆமாம் அக்கா. கோடியக்கரை, முத்துப்பேட்டை, தலைஞாயிறு எல்லாம் சேர்ந்த பகுதி 2002இல் ராம்சார் தலம் (உலக அளவில் முக்கியமான ஈரநிலம்) ஆனது, பிச்சாவரம் 2022இல். பூநாரைகளும் உள்ளான்களும் வற்றத்தில் வெளிப்படும் சேற்றில்தான் மேயும். கயாக் சத்தமில்லாமல் வருவதால் பறவைகள் கடைசி நொடியில்தான் அதைப் பார்க்கும், மோட்டார் படகுக்கு மிரள்வதைவிட அதிகம் மிரளலாம். ஒரு கூட்டம் தலைநிமிர்ந்து ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே மிக நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நின்று விலகுங்கள். ஒவ்வொரு முறை எழுந்து பறப்பதும் அவை நீண்ட பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பில் இருந்து செலவாகிறது.

2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டை முறித்துப்போட்டது. பட்ட மரங்கள் இன்னும் நிற்பதைப் பார்ப்பீர்கள், அடியில் புதுக் கன்றுகளும். கன்றுகள் இருக்கும் கரையில் படகை ஏற்ற வேண்டாம்.

நெய்தல்வாசி

எல்லோருக்கும் நன்றி. தங்கை இழை முழுவதையும் படித்துவிட்டு என்னைவிட அதிகம் குறிப்பெடுத்திருக்கிறாள். திட்டத்தை மாற்றிவிட்டேன்:

பொங்கலுக்குப் பிச்சாவரம் மட்டும். சொந்தக் கயாக்குக்கு அனுமதி கிடைக்காவிட்டால் கழகத்தின் துடுப்புப் படகு. முத்துப்பேட்டையையும் காரங்காட்டையும் பிப்ரவரி கடைசிக்குத் தள்ளுகிறேன், பௌர்ணமியை ஒட்டி, அலையாத்தி சொன்ன ஏற்றத்துக்காக. முத்துப்பேட்டையில் ஜாம்புவானோடையில் இறங்கி, கோரையாறு வழியாகக் காலை 6 மணிக்குக் கிளம்பி, காயலைத் தொட்டு, முகத்துவாரம் பார்த்து, மதியம் 2 மணிக்குள் திரும்புவது. ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், மோர், கழி, ஷூ. சரியா அண்ணே?

கோடியக்கரையான்

பிப்ரவரி சரி, கழி சரி. ரெண்டு மாற்றம் செய்யுங்கள்.

முகத்துவாரம் வேண்டாம். அடக்கமான மாதம் என்றாலும் வடக்குக் காற்று சில காலைகளில் மிச்சம் இருக்கும், போகும்போது முதுகில் தள்ளும், வருவதுதான் வேலை. காயலின் வடக்கு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காட்டின் மறைவில் சுற்றுங்கள். உமரி இருப்பதும் அந்தப் பக்கம்தான்.

மதியம் 2 மணி என்பது ரொம்பத் தாமதம். 11 மணிக்கு ஜெட்டியில் இருங்கள். நிலம் சூடேறியதும் கடற்காற்று எழும், திறந்த காயலில் வெயிலும் நீரில் பட்டுத் திரும்பி முகத்தைச் சுடும்.

கிளம்பும் முன்தினம் இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் மையம்) காற்று முன்னறிவிப்பும், வானிலைத் துறை மீனவர்களுக்கு விடும் எச்சரிக்கையும் பாருங்கள். போகும் வழி, திரும்பும் நேரம் இரண்டையும் வனக்காவலரிடம் எழுதிக் கொடுங்கள். போனை நீர்புகா உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள், கடலோரக் காவல்படை எண் 1554. எல்லைக் கடல் என்பதால் ரோந்துப் படகு நிறுத்திக் கேட்கலாம், அடையாள அட்டையும் அனுமதிக் கடிதமும் அதே உறையில் இருக்கட்டும்.

நெய்தல்வாசி

சரி அண்ணே. 6 முதல் 11, வடக்கு ஓரம், முகத்துவாரம் இல்லை. அனுமதி கேட்டுக் கடிதம் இந்த வாரமே வனச்சரக அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். அவர்கள் எந்த வாய்க்கால்களைத் திறந்து விடுகிறார்கள் என்று தெரிந்ததும் இங்கே பதிவிடுகிறேன். அலையாத்தி, அந்தப் பட்டியலில் உமரி வெளிக்குப் போகும் கிளை எது என்று அப்போது நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.